ஏரிக் கணக்கு

கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் பெட்ரோல் போடும்போதே
பந்தயம் கட்டிவிட்டாள் ஷாஹீன்:
தளி போய்ச் சேர்வதற்குள் பத்து ஏரி.
ஒன்று குறைந்தாலும் மதியச் சாப்பாடு அவள் செலவு.

வண்டி மஞ்சுளாவின் மாமனாருடையது.
இரண்டாவது கியரில் ஒரு முனகல் உண்டு,
அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே ஓட்டுவாள்.
முன்சீட்டில் ஜெசிந்தா.
அடுத்த மாதம் பதினேழாம் தேதி
இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்கிறாள்.
ஊர் பெயர் கெண்டல். எங்கள் வாயில் கெண்டை என்றே வந்தது.
"அங்கேயும் ஏரிதானாம்.
வாரக் கடைசியில் எல்லாரும் கார் எடுத்துக்கொண்டு
ஏரி பார்க்கப் போவார்களாம்."
"நாங்கள் வெள்ளிக்கிழமையே போகிறவர்கள்" என்றேன்.

முதல் ஏரி
இந்தப் பேச்சு முடிவதற்குள் போய்விட்டது.
ஒரு மீன்கொத்தி, தண்ணீரில் இறக்கிக் கழுவும் ஒரு லாரி,
இரண்டும் ஒரே நீலம்.

இரண்டாவதில் சொட்டுத் தண்ணீர் இல்லை.
கரைமுட்டச் சீமைக்கருவேலம்.
நடுவில் வெட்டிய திட்டில் பையன்கள்
ஸ்டம்ப் நட்டுக்கொண்டிருந்தார்கள்.
"நீ சீமைக்குப் போகிறாய்,
சீமை முன்னாடியே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது பார்" என்று
ஜெசிந்தாவின் தோளைத் தட்டினாள் ஷாஹீன்.
"இதெல்லாம் கணக்கில் சேராது" என்றாள் மஞ்சுளா.
"பலகையில் ஏரி என்றுதானே போட்டிருக்கிறது?"
தண்ணீர் இல்லாத ஏரி ஏரியா என்ற வழக்கு
ராயக்கோட்டை வரை நடந்தது.

ராயக்கோட்டையில் சாலையோரம் தக்காளி கொட்டிக் கிடந்தது.
கிலோ மூன்று ரூபாயாம். பறிகூலிக்குக் கட்டாது.
மாடுகள் தின்றது போக மிச்சத்தில்
எங்கள் டயர் சிவந்தது.
கொஞ்ச தூரம் யாரும் எதையும் எண்ணவில்லை.
அதில் ஓர் ஏரி தவறியிருக்கலாம்.

கெலமங்கலம் தாண்டியதும் பாஷை கலங்கியது.
வழி கேட்டால் தெலுங்கில் இடது, கன்னடத்தில் வலது.
இரண்டு பேருக்கும் நன்றி சொல்லிவிட்டு
மஞ்சுளா நேராகப் போனாள்.
ஆறாவது ஏரிக்கரையில் ஆவி பறக்கும் யானைச் சாணம்.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
"ஆறு" என்று மெல்லச் சொன்னோம்.

தளி.
குட்டி இங்கிலாந்து என்று வெள்ளைக்காரன் சொன்ன ஊர்.
டீக்கடையில் கேட்டோம்,
அண்ணா, இந்த இங்கிலாந்து எந்தப் பக்கம்?
அவர் பாலை இறக்கிவைத்துவிட்டு யோசித்தார்.
"அந்த பஸ் பதினொண்ணேகாலுக்கே போயிடுச்சேம்மா."
ஜெசிந்தாவுக்கு டீ மூக்கில் ஏறியது.

குளிர் என்னவோ நிஜம்.
கொத்தமல்லிக் காட்டில் பெண்கள்
புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை,
அதற்கு மேல் ஸ்வெட்டர்.
பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ரோஜாக்கள்
எங்களை விட வசதியாய் இருந்தன.
களியும் கோழிக் குழம்பும் வந்தபோது கணக்குப் பார்த்தோம்:
ஒன்பது.
காய்ந்ததைச் சேர்த்தால் பத்து.
ஷாஹீன் பர்ஸைத் திறக்கவே இல்லை.
கடைசியில் ஜெசிந்தா கொடுத்தாள். யாரும் தடுக்கவில்லை,
அது இப்போது உறுத்துகிறது.

ஓசூர் வழியாகத் திரும்பினோம்.
கெலவரப்பள்ளியில் மதகு திறந்திருந்தது.
தென்பெண்ணை வெள்ளை நுரையாய்ப் பொங்கி
தரைப்பாலத்தை மூடி
ஒரு டிவிஎஸ் ஐம்பதை இருக்கை வரை விழுங்கியிருந்தது.
காற்றில் பஞ்சுப் பஞ்சாய்ப் பறந்து வந்து
வைப்பரில் ஒட்டியது.
சோப்பும் சாக்கடையும் கலந்த வாடை.
ஜெசிந்தா இறங்கிப் போய்ப் படம் எடுத்து
தம்பிக்கு அனுப்பினாள்:
"வந்து சேர்ந்தாச்சு. இங்கே ஒரே பனி."
உடனே பதில் வந்தது:
"மூக்கைப் பொத்திக்கோ."

சிரித்து முடிக்கச் சூளகிரி ஆனது.
டோல்கேட் வரிசையில் நிற்கும்போது
ஷாஹீன்தான் ஆரம்பித்தாள்:
வழக்கு தீரவில்லை,
ஐப்பசியில் அந்த ஏரி நிரம்பினால் நான் ஜெயித்தேன்,
நிரம்பாவிட்டால் அறுநூற்று நாற்பது ரூபாய்
ஜெசிந்தாவுக்கு நான் கடன்.
"யார் போய்ப் பார்த்துச் சொல்வது?"
கொஞ்சம் பொறுத்து
"நாங்கள்தான்" என்றாள் மஞ்சுளா,
இரண்டாவது கியரைப் போட்டபடி.